தாடை மூட்டை அளந்த டாக்டர்

என் பெயரைக் கேட்பதற்கு முன்பே அவர் என் இரண்டு காதுகளுக்கு முன்னாலும் விரல்களை வைத்துவிட்டார்.

"வாயத் தொறங்க அம்மணி" என்றார். திறந்தேன். "மூடுங்க." மூடினேன். "வலிக்குதுங்களா?" "இல்லைங்க." "எப்பவுமே வலிச்சதில்லீங்களா?" "இல்லைங்க." கொஞ்ச நேரம் என் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "நீங்க சொல்றதை நான் அப்படியே எடுத்துக்க முடியாதுங்க. தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

நர்ஸ் வேலை கேட்டுப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த வரவேற்பு அதுதான். அதற்குப் பிறகுதான் பெயர், ஊர், படிப்பு எல்லாம். தாராபுரம் என்று சொன்னதும், அமராவதி ஆறு ஊருக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டார். நான் உண்மையிலேயே அந்த ஊர்க்காரிதானா என்று பார்க்கத்தான் கேட்டார் என்பது எனக்குப் பிறகு புரிந்தது. என் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மை பழையதா புதியதா என்று ஆராய்ந்தார். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

கோயமுத்தூருக்குப் பைக்காரா மின்சாரம் வந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் அவருடைய எக்ஸ்ரே நிலையம் இருந்தது. முன்னால் ஒரு வராந்தா, அடுத்து என் மேஜை இருந்த அறை, அதற்கும் உள்ளே ஜன்னலே இல்லாத எக்ஸ்ரே அறை. நெஞ்சு, கை, கால் என்று எல்லாவற்றுக்கும் ஆட்கள் வருவார்கள். அவற்றையெல்லாம் அவர் ஒழுங்காகச் செய்துகொடுப்பார். ஆனால் அவருடைய மனசு முழுக்கத் தாடை மூட்டில்தான் இருந்தது.

காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால் உள்ளே ஏதோ உருளுவது தெரியும். கீழ்த்தாடை எலும்பின் உருண்டையான மேல்முனை அது. மண்டையோட்டில் உள்ள ஒரு சிறு குழியில் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்ரே பிலிமில் அந்த முனைக்கும் குழிக்கும் நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி ஒன்று தெரியும். அந்த இடைவெளியை மேலே, முன்னால், பின்னால் என்று மூன்று இடங்களில் அவர் அளப்பார். வாய் மூடியிருக்கும்போது ஒரு படம், திறந்திருக்கும்போது ஒரு படம். வலது தனி, இடது தனி.

"இந்த மூட்டை மட்டும் ஏனுங்க இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாலு புஸ்தகம் வாங்கிப் படிச்சனுங்க. நாலுலயும் நாலு அளவு போட்டிருக்குது. நாலு பேருமே அளக்காம எழுதிப்போட்டாங்களோன்னு எனக்கு ஒரு இது" என்றார்.

அவருக்கு எல்லாவற்றிலும் அந்த 'ஒரு இது' உண்டு. மூன்று கடைகளில் மூன்று இரும்பு அளவுகோல்களை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்து, முடியிழை அளவு வித்தியாசப்பட்ட ஒன்றைத் தூக்கி எறிந்தார். நிழல் என்பது பொருளைவிடப் பெரிதாகத்தான் விழும், எவ்வளவு பெரிதாக விழுகிறது என்று எப்படி நம்புவது என்று சொல்லி, சரியாக அளந்து வெட்டிய ஒரு ஈயக் கம்பித் துண்டை நோயாளியின் காதோரம் ஒட்டிவைத்துப் படம் எடுப்பார். பிலிமில் அந்தக் கம்பி எவ்வளவு நீண்டிருக்கிறதோ அதைக் கழித்துத்தான் எலும்பின் கணக்கு. சாயங்காலம் மில்கள் முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரத்தின் அழுத்தம் குறைகிறது என்று சந்தேகப்பட்டு, தாடைப் படங்களைக் காலையில் மட்டும் எடுப்பார். டீக்கடைப் பாலை முகர்ந்து பார்ப்பார். வெளியே போகும்போது பூட்டிய கதவை இரண்டு முறை தள்ளிப் பார்ப்பார். இத்தனையிலும் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வராது. "நீங்க பொய் சொல்றீங்களாட்ட இருக்குதுங்களே" என்பதைக்கூட, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் கேட்பார்.

நோய் இல்லாத தாடை எப்படி இருக்கும் என்று தெரியாமல் நோயுள்ள தாடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவருடைய கேள்வி. அதனால் நன்றாக இருப்பவர்களையும் கூப்பிட்டுப் படம் எடுக்க ஆரம்பித்தார். தயிர் விற்க வருகிறவள், வாசல் கூட்ட வருகிறவர், ஜட்கா வண்டிக்காரர், யாரைப் பார்த்தாலும், "ஏனுங்க, சித்த உள்ள வந்து போறீங்களா?" என்பார்.

ஊர் சும்மா இருக்குமா? தலையைப் படம் எடுத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார், அங்கே இருந்து ஆள் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பேச்சு. போலீசுக்கு அளவு கொடுக்கிறார் என்று இன்னொரு பேச்சு. ஜட்காக்காரர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவதையே விட்டுவிட்டார். கூட்ட வருகிறவர் என்னிடம் தனியாகக் கேட்டார்: "அளக்கறதுன்னா எங்களையேதான் அளப்பாங்களா நர்சம்மா? தோட்டம் வெச்சிருக்கறவங்க மண்டையெல்லாம் அளக்க மாட்டாங்களா?" நான் அதை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரு சந்தேகப்படறது நியாயந்தானுங்க" என்றார். அடுத்த வாரமே தனக்குத் தெரிந்த இரண்டு மிராசுதார்களைக் கெஞ்சிக் கூட்டிவந்து படம் எடுக்கிற அதே மரச்சட்டத்தில் தலையை வைக்கச் செய்து, கூட்ட வருகிறவரைக் கூப்பிட்டு வாசலிலிருந்து பார்க்கச் சொன்னார்.

எனக்கும் அவர் மேல் சந்தேகம் இருந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஜன்னல் இல்லாத அறை, தலையை அசையவிடாமல் பிடிக்கிற மரச்சட்டம், எப்போதும் பூட்டியிருக்கும் ஒரு பீரோ. ஒருநாள் அவர் சாவியை மேஜையில் மறந்துவிட்டுப் போனபோது திறந்து பார்த்தேன். உள்ளே உறைகளில் பிலிம்கள். பெயர்கள் இல்லை, எண்ணும் தேதியும் மட்டும். ஒரு கட்டுக்குள் இருந்தவை அத்தனையும் ஒரே ஆளுடைய தாடை. மாதத்துக்கு ஒன்று. கடைவாய்ப் பல் ஒன்று இல்லாததை வைத்து அது அவரே என்று தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலையில், "பீரோவுல என்னங்க அம்மணி தேடுனீங்க?" என்றார். கதவிடுக்கில் ஒரு நூலைச் செருகிவைத்திருந்திருக்கிறார். "சந்தேகம் வந்தாத் தொறந்து பாக்கறது நல்லதுதானுங்க. கேட்டிருந்தா நானே தொறந்து காட்டியிருப்பனுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவமானமும் கோபமுமாக அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, என் மேஜைக்குப் பின்னால் இருந்த சுவரில் கறுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பிலிமை ஒட்டி, அதன் மேல் ஒரு பழைய இரும்புச் சாவியையும் ஒட்டிவைத்தார். எதற்கு என்று சொல்லவில்லை. என்னைக் கண்காணிக்க ஏதோ செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாதம் முடிந்ததும் பிலிமை எடுத்துக் கழுவினார். சாவியின் நிழல் லேசாக விழுந்திருந்தது. எக்ஸ்ரே அறையிலிருந்து கதிர் சுவரைத் தாண்டி என் முதுகு வரைக்கும் வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு இரட்டைச் செங்கல் சுவர் எழுப்பச் சொல்லி, என் மேஜையையும் எதிர்க் கோடிக்கு நகர்த்திவிட்டார். "அப்ப உங்களுக்குங்க?" என்றேன். அவருடைய விரல் நுனிகள் அப்போதே காய்ந்த வாழைப்பட்டை மாதிரி வெடித்திருந்தன. "என்னோடதை நான் மாசாமாசம் பாத்துக்கிட்டுத்தான இருக்கறனுங்க" என்றார். கதிர் தன் எலும்பை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் அந்தப் பீரோக் கட்டு என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ராமாத்தாளைக் கூட்டிக்கொண்டு நாச்சிமுத்து வந்தார்.

பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். சொந்தமாகக் கிணறும் கொஞ்சம் நிலமும் உள்ள விவசாயக் குடும்பம். அவருக்கு இருபத்தைந்து, அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். கல்யாணமாகி எட்டு மாதம்தான். அவளுக்கு வாய் திறக்கவில்லை. பற்கள் ஒன்றோடொன்று கடித்தபடி நின்றுவிட்டன. பேச்சு பல்லிடுக்கு வழியாகத்தான் வந்தது. முந்தானையால் முகத்தின் வலது பக்கத்தை எப்போதும் மறைத்துக்கொண்டிருந்தாள். மாசி மாதத்திலிருந்து கஞ்சிதான் ஆகாரம். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையை நாச்சிமுத்து பையிலேயே கொண்டுவந்திருந்தார். வராந்தாவில் எல்லார் முன்னாலும் அவள் கன்னத்தை ஒதுக்கி, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். ஆம்பிள்ளை இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. குற்றம் செய்தவன்தான் இவ்வளவு தாங்குவான் என்று தோன்றியது.

"எப்படிங்க ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"கெணத்துப் படியில உழுந்துபோட்டாளுங்க. தாடையில அடி" என்றார் நாச்சிமுத்து.

அவரை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் கேட்டார். "கெணத்துப் படியில உழுந்துபோட்டனுங்க. தாடையில அடி" என்று பல்லிடுக்கில் சொன்னாள்.

அவள் தலையைச் சட்டத்தில் வைத்து மூட்டை மட்டும் குறிபார்த்துப் படம் எடுத்தார். இடது மூட்டு சரியாக இருந்தது. வலது மூட்டில் கறுப்பு இடைவெளியே இல்லை. உருண்டையும் குழியும் ஒன்றாகச் சேர்ந்து வெள்ளையாக ஒட்டிப்போயிருந்தன. உருண்டைக்குக் கீழே கழுத்து மாதிரி இருக்கும் இடம் எப்போதோ ஒடிந்து, உள்பக்கமாகச் சாய்ந்து, கோணலாகக் கூடியிருந்தது. டாக்டர் பிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே வார்த்தையச் சொன்னாங்க, கவனிச்சீங்களா அம்மணி? ஒரு எழுத்து மாறலீங்க. மோவாயில அடிபட்ட தழும்பும் இல்லீங்க. வலது பக்கம் இப்படி ஒடியணும்னா இடது கன்னத்துல அடி உழுந்திருக்கோணும்."

எதிரே நிற்கிறவன் வலது கையால் அடித்தால் இடது கன்னத்தில்தான் விழும். அதை அவர் சொல்லாமலே நானும் நினைத்துவிட்டேன்.

அவர் இதை அறைக்குள் வைத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் நாச்சிமுத்து உள்ளே வரத் தயங்கியதால் இவரே வராந்தாவுக்குப் போனார். பெஞ்சில் நான்கைந்து பேர் இருந்தார்கள். முழங்கால் வலிக்காக வந்திருந்த பொன்னாத்தாளும் இருந்தார், மஞ்சள் வியாபாரி ஒருவரின் மனைவி. அவர் நாச்சிமுத்துவின் பக்கத்து ஊர்.

"ஏனுங்க," என்றார் டாக்டர், அதே தணிந்த குரலில். "உங்க சம்சாரம் கெணத்துல உழுகலீங்க. கன்னத்துல பலமா அறைஞ்சிருக்குதுங்க. அறைஞ்சது யாருன்னு சொன்னீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

நாச்சிமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாலாடையைத் துண்டில் துடைத்தார். "நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராமாத்தாள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பல்லுக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது, வார்த்தையாக வரவில்லை. பயத்தில் ஆட்டுகிறாள் என்று டாக்டர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொன்னாத்தாள் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

பொன்னாத்தாள் ஊர் போய்ச் சேர்ந்த வேகத்தில் செய்தியும் போய்ச் சேர்ந்துவிட்டது. பெருந்துறைச் சந்தையில் ராமாத்தாளின் அண்ணன் நாச்சிமுத்துவை ஆட்கள் பார்க்க அறைந்திருக்கிறான். அடுத்த முறை வந்தபோது நாச்சிமுத்துவின் உதடு வீங்கியிருந்தது. இருந்தாலும் வந்தார். ஏனென்றால் டாக்டர் எழுதிக் கேட்டதற்கு மதராஸில் ஒரு பெரிய சர்ஜன் அறுவை செய்து பார்க்க ஒத்துக்கொண்டிருந்தார். வாய் திறக்காத ஆளுக்கு மயக்க மருந்து கொடுப்பது உயிரோடு விளையாடுகிற காரியம். ஒட்டிப்போன எலும்பு எவ்வளவு கனம் என்பது துல்லியமாகத் தெரியாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று அவர் எழுதியிருந்தார். மூட்டு மட்டும் போதாது, தாடை முழுவதும் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் படம் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

பெரிய பிலிமில் அந்தப் படத்தை எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டாக்டர் அன்று சாப்பிடப் போகவில்லை. கவராயத்தை வைத்து மூட்டின் உச்சியிலிருந்து தாடையின் பின்மூலை வரைக்கும் அளந்தார். ஈயக் கம்பியின் நிழலை அளந்தார். அளவுகோலை மாற்றி மறுபடி அளந்தார். பிறகு தன் கணக்கை எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அம்மணி, நீங்க அளங்க. நான் என்ன போட்டிருக்கறன்னு பாக்காதீங்க" என்றார். அளந்து சொன்னேன். தாளைத் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். வலது பக்கத்து எலும்பு இடது பக்கத்தைவிட அரை அங்குலத்துக்கு மேல் குட்டை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதுவரை நான் கேட்டதில்லை.

"என்னங்க?"

"போன மாசியில ஒடிஞ்ச எலும்பு குட்டையாவுமுங்களா? வளந்து முடிஞ்ச எலும்பு ஒடியும், கூடும், ஆனா நீளம் இப்படிக் கொறையாது. இது வளர்ற வயசுல அடிபட்டு, அந்தப் பக்கம் வளராமயே நின்னுபோச்சுங்க. ஏழு வயசோ எட்டு வயசோ. அந்தப் புள்ளைக்கு அப்ப கல்யாணம் ஏது, புருசன் ஏது? நான் மூட்டை மட்டும் பாத்துக்கிட்டே இருந்தனுங்க. அரை அங்குலம் கீழ போயிப் பாக்கலீங்க."

இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். பிலிமைக் காட்டி, "அம்மணி, சின்னப் புள்ளையில உனக்கு என்னாச்சு கண்ணு?" என்று கேட்டார். ராமாத்தாள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழ ஆரம்பித்தாள். வாயைத் திறக்க முடியாத ஆள் அழுவது எப்படி இருக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை.

பல்லிடுக்கில் துண்டு துண்டாக வந்தது கதை. எட்டு வயதில் கன்றுக்குட்டி ஒன்று கன்னத்தில் உதைத்தது. வீங்கி வற்றியது. அப்புறம் வாய் இரண்டு விரல் அளவுதான் திறந்தது. வருடத்துக்கு வருடம் அதுவும் குறைந்தது. பெண் பார்க்க வந்தபோது வாயைத் திறந்து பேசாததைப் பார்த்து, நெம்ப அடக்கமான புள்ள என்று மாப்பிள்ளை வீட்டார் புகழ்ந்தார்கள். அவள் வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையலறையில் தனியாக உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து ஒற்றை விரலால் உள்ளே தள்ளித் தின்றிருக்கிறாள்.

"பத்தே நாள்ல எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க" என்றார் நாச்சிமுத்து. "மாசியில சுத்தமா மூடிக்கிச்சு. எங்கய்யனுக்குத் தெரிஞ்சா, கொறையை மறைச்சுக் கட்டிவெச்சுப்போட்டாங்கன்னு அன்னைக்கே அவங்க ஊட்டுல கொண்டுபோயி உட்டுட்டு வந்துருவாருங்க. அதான் எங்க கெணத்துல உழுந்துட்டான்னு நானே சொல்லிக் குடுத்தனுங்க."

"நான் அத்தன பேரு முன்னால உங்களைச் சொன்னப்ப, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"இல்லைன்னு சொன்னா, அப்ப எப்பத்துலிருந்துன்னு கேப்பீங்க. நீங்க உடற ஆளா?"

நாச்சிமுத்து எழுந்து கும்பிட்டார். "அது அப்படியே இருக்கட்டுங்க. எங்கய்யன் வந்து கேட்டாலும்."

அய்யன், நாச்சிமுத்துவின் அப்பா, வந்தார். அடுத்த வாரமே, மகனையும் கூட்டிக்கொண்டு. பெரிய மீசையும் தலைப்பாகையுமாக, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என்ற மகன் பொம்பளை மேல கை நீட்டறவன் இல்லீங்க. ஊரெல்லாம் காறித் துப்புது. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டாக்டரய்யா. அந்தப் புள்ளைக்கு இது எங்க ஊட்டுக்கு வந்தப்புறம் ஆச்சுங்களா, முன்னாலயே இருந்துச்சுங்களா? உங்க படத்துல தெரியுமாமில்லீங்க."

அவருக்குப் பின்னால் நாச்சிமுத்து நின்றார். டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னாலேயே இருந்தது என்று சொன்னால், தான் பழி போட்ட மனிதனுக்கு அந்தக் கணமே பழி நீங்கும். ஆனால் ராமாத்தாள் பிறந்த வீட்டுக்குப் போவாள், மதராஸும் இல்லை, சர்ஜனும் இல்லை. டாக்டர் மேஜை மேல் இருந்த பெரிய பிலிமைத் தொடவே இல்லை. உறையிலிருந்து முதல் நாள் எடுத்த சின்னப் பிலிமை உருவி விளக்குப் பெட்டியில் வைத்தார்.

"வந்தப்புறம் ஆனதுதானுங்க" என்றார். "இங்க பாருங்க, புது ஒடிசல்."

கண் இமைக்கவில்லை. குரல் மாறவில்லை. ஊரில் உள்ள எல்லாருடைய பொய்யையும் மோப்பம் பிடிக்கிற மனிதர் தன் பொய்யை இவ்வளவு சுத்தமாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் இதற்கு முன்னால் எத்தனை பேரிடம் இதே முகத்தோடு என்னென்ன சொல்லியிருப்பார் என்ற எண்ணம் அதற்குப் பிறகு என்னை விடவே இல்லை.

கிழவர் திரும்பி மகனைப் பார்த்தார். "அப்ப நீதானா?"

"ஆமாங்கய்யா" என்றார் நாச்சிமுத்து.

அய்யன் படியிறங்கித் தெருவில் தனியாக நடந்தார். மகனும் அவர் பின்னால் போகவில்லை.

அவர்கள் போன பிறகு டாக்டர் கேஸ் புத்தகத்தை எடுத்து, ராமாத்தாளின் எண்ணுக்கு எதிரே, 'கன்றுக்குட்டி உதைத்ததாகச் சொல்லுகிறார்' என்று எழுதினார். "என்னங்க, சொல்லுகிறார்னு எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"கன்னுக்குட்டி அவ்வளவு சரியாக் கன்னத்துலயா ஒதைக்கும்? அவங்க அய்யனோ அண்ணனோ யாரு கண்டது? இதையும் நான் நம்பலீங்க" என்றார். நான் வாய்விட்டுத் திட்டாததுதான் குறை.

மதராஸில் அறுவை நடந்தது. டாக்டர் அனுப்பிய அளவை வைத்துத்தான் எலும்பை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ததாகவும், அளவு தப்பவில்லை என்றும் சர்ஜன் எழுதினார். அந்தக் கடிதத்தையும் டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, "மரியாதைக்கு எழுதியிருப்பாருங்க" என்றார். திறந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க, தினமும் பல்லுக்கு நடுவே மர ஆப்பு வைத்துக் கடிக்க வேண்டும். பூவரசு மரத்தில் நாச்சிமுத்துவே செதுக்கினார். வாரத்துக்கு ஒன்று, முந்தையதைவிட ஒரு நூல் கனமாக. வலியில் அவள் அவர் கையைக் கீறிய தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து மறுபடி அளந்து பார்க்க டாக்டர் வரச் சொல்லியிருந்தார். வந்தார்கள். ராமாத்தாளுக்கு ஏழு மாதம். அதைப் பார்த்ததும், படம் வேண்டாம், கதிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்பற்களுக்கு நடுவே அளவுகோலை நிறுத்தி அளந்தார். மூன்று விரல் தாராளமாகப் போனது. ராமாத்தாள் சிரித்தாள். அவள் பற்களை முழுதாக நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கொண்டுவந்திருந்த முறுக்கில் தானே ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்துக் காட்டினாள்.

வராந்தாவுக்கு வந்தபோது பெஞ்சில் பொன்னாத்தாள் இருந்தார். மறுபடி முழங்கால். அதே பெஞ்சின் கோடியில் நாச்சிமுத்து இருந்தார். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடத்தை விட்டு, பொன்னாத்தாள் தன் புடவையை இழுத்து ஒதுக்கி உட்கார்ந்திருந்தார். ராமாத்தாளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, நாச்சிமுத்துவுக்குக் கேட்கும்படியே கேட்டார்: "இப்பவாச்சும் கை நீட்டாம இருக்கறானா கண்ணு?"

ராமாத்தாள் கையை விடுவித்துக்கொண்டாள். அவள் குரல் அவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"எங்க மாமன் என்னைத் தொட்டு அடிச்சதே இல்லீங்க. எனக்கு எட்டு வயசுலயே இப்படித்தானுங்க. எங்க ஊட்டுல மறைச்சுக் கட்டிக்குடுத்துட்டாங்க. என்னைத் திருப்பி அனுப்பிருவாங்கன்னு அவரு பழியத் தலையில போட்டுக்கிட்டாருங்க. இனி எங்க மாமனார் காதுல உழுந்தாலும் உழுகட்டும், எனக்குப் பயமில்லீங்க."

நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னாத்தாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் கன்னத்தை வழித்து, "புள்ளத்தாச்சி. உசிருக்குப் பயந்துக்கிட்டு என்ன பண்ணும்? சொல்லிக் குடுத்ததைச் சொல்லுது" என்று என்னிடம் சொன்னார்.

டாக்டர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அளவுகோல் கையிலேயே இருந்தது. முன்னால் வந்தார்.

"அது சொல்றது அத்தனையும் நெசமுங்க" என்றார். "நான் அளந்து பாத்திருக்கறனுங்க. நம்புங்க."

பொன்னாத்தாள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "நீங்கதானுங்களே அன்னைக்கு இதே எடத்துல நின்னுக்கிட்டு, அறைஞ்சது யாருன்னு கேட்டீங்க. அந்தப் பெரியவரு கிட்டயும் புது ஒடிசல்னு படத்தைக் காட்டுனீங்களாமா. இப்ப ஆம்பளைக்கு ஆம்பளை சேந்துக்கிட்டீங்களாக்கும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, முழங்கால் படத்துக்குக்கூட நிற்காமல் படியிறங்கினார்.

டாக்டர் அவருக்குப் பின்னாலேயே வாசல் வரை போனார். "ஏனுங்க, பெரிய பிலிம் ஒண்ணு இருக்குதுங்க. ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போங்க. ஏனுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே தெருவில் இறங்கினார். வெயிலில் அவருக்குக் கண் கூசியது. பொன்னாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை.